படி தவறு, மூன்று அல்ல ஐந்து

திங்கட்கிழமை இரவு, மணி பதினொன்று இருபது
அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியிலிருந்து

மதிப்பும் மரியாதையும் மிக்க அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் மாமாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், அதிலும் நாளைக் காலை ஏழு மணிக்குக் கட்டாயம் சுகத்தோடு இருக்க வேண்டும், ஏனென்றால் அப்போது உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இங்கே அம்மா சுகம். அப்பா ரொம்ப சுகம், மூன்று நாளாக வாளியைக் கழுவும்போதுகூடப் பாடுகிறார், அதுதான் பிரச்சினையே. நான் சுகமில்லை. கடிதம் எழுதும் முறை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது இதுவரைதான் ஞாபகம் இருக்கிறது, இனிமேல் வாய்க்கு வந்ததை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் அத்தைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இன்று சாயங்காலம் நேரில் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து "என்னடி" என்றதும் எனக்கு எல்லாம் மறந்து, அம்மா ஊசி கேட்டாள் என்று சொல்லிவிட்டேன். தையல்காரி வீட்டில் ஊசி இல்லாமல் போகுமா என்று நீங்களாவது கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அங்கேயே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீங்கள் பேசாமல் இரண்டு ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். மாமா வேறு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், ஆகவே இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்ட வேண்டாம், காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஜன்னலை அடைத்துவிட்டுக் காட்டவும்.

விஷயம் இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அப்பா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். பெரிய டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது என் கணக்கு நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார். அந்த நோட்டைப் பெரிய டீச்சர் முன்னால் அப்பா திறந்துவிட்டால், அடுத்த நிமிடம் பள்ளிக்கூடமே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும், அங்கே சுற்றுச்சுவர் கட்டுகிற கொத்து வேலை அப்பாவுக்குக் கிடைக்காது, அதற்கெல்லாம் காரணம் நான் என்று அப்பாவுக்குத் தெரிந்துபோகும். அப்பா அடிப்பார் என்று பயமில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார் பாருங்கள், அதை நினைத்துத்தான் பயம். எழுத்து கோணல் மாணலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அது, மீதிப் பாதி மெஷின் பெடல் முதுகில் இடிப்பது.

வெள்ளிக்கிழமை கணக்கு டீச்சர் நோட்டுகளைத் திருத்திக் கொடுத்தார். வீட்டுப்பாடம் ஒரே ஒரு கணக்கு. 2x⁵ + x³ − 7x − 2x⁵ + 4 என்னும் பல்லுறுப்புக் கோவையின் படி காண்க. அவ்வளவுதான் அத்தை, ஒரே வரி. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதில் பல்லும் கிடையாது, கை காலும் கிடையாது. எழுத்தையும் எண்ணையும் கூட்டல் கழித்தலோடு மணி கோத்த மாதிரி கோத்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு மணிக்கும் உறுப்பு என்று பெயர். அந்த மொத்த மாலைக்கும் படி என்று ஒன்று உண்டு, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்த அன்று நான் லீவு போடவில்லை, வகுப்பில்தான் இருந்தேன், ஆனால் ஜன்னல் ஓரம் இருந்தேன். அதனால் படி என்றால் எத்தனை உறுப்பு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் என நானாக முடிவு செய்துகொண்டேன். படியை எண்ணத்தானே செய்வார்கள், வேறு என்ன செய்வார்கள். ஒரு 2x⁵ கூட்டலிலும் இன்னொரு 2x⁵ கழித்தலிலும் இருந்தது, அந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று மட்டும் போன வருடத்திலிருந்து ஞாபகம் இருந்தது, இரண்டின் மேலும் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன், மிச்சத்தை எண்ணினேன், மூன்று இருந்தது. படி = 3 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். நோட்டு திரும்பி வந்தபோது என் மூன்றின் மேல் சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி. அதற்குக் கீழே டீச்சரின் கையெழுத்தில், "படி தவறு. 3 அல்ல, 5. உடனே சரிசெய்து பெற்றோர் கையொப்பத்துடன் காட்டவும்" என்று இருந்தது. வகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். மற்ற நாற்பத்தொரு பேருக்கும் டிக். மூன்று என்று எழுதிய மூதேவி நான் ஒருத்திதான்.

கையொப்பத்துக்கு அம்மாவிடம் போனால் அம்மா கணக்கைக் கேட்பாள், போன மாதத்துக் கணக்கையும் கேட்பாள். அப்பா எதையும் கேட்கமாட்டார், போடச் சொன்ன இடத்தில் போடுவார். அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவி, நகக் கண்ணில் இருக்கிற சிமெண்டைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். கணக்கும் தப்புக் குறியும் உள்ளே போகிற மாதிரி தாளை மடித்தேன். சிவப்பு வரியை மட்டும் மடிக்க முடியவில்லை, கையொப்பம் போட வேண்டிய இடமே அதன் வாலில்தான் இருந்தது. அப்பா பேனாவை வாங்கினார், வரியைப் படித்தார், இன்னொரு தடவை உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு மெதுவாக, "எண்ணிப் பாத்துட்டாங்களா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆமாம் என்று தலையாட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன்.

"அதானே. மத்தவங்க கண்ணுக்குத் தப்பினாலும் கணக்கு டீச்சர் கண்ணுக்குத் தப்புமா."

இதைச் சொல்லிவிட்டுக் கையொப்பம் போட்டார். திட்டவில்லை. நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "நீ ஏம்மா பயப்படுற, தப்பு என்னோடது, நாளைக்கே சரி பண்ணிடறேன்" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா அத்தை, மகள் படிப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அப்பா வருத்தப்படுகிறார், நாளையிலிருந்து கூட உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்தேன். மனசு உருகி, ராத்திரி இரண்டு பேரின் தட்டையும் நானே கழுவினேன்.

போன விடுமுறையில் பெரிய டீச்சரின் புது அறைக்கு ஏறுகிற வாசற்படியைக் கட்டியது அப்பா என்பது உங்களுக்குத் தெரியும், உங்களிடம்கூட அழைத்துப் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், கடைசி வரை காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் படி மூன்று.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், என் பையில் கணக்கு நோட்டு இல்லை. மூலையில் கடப்பாரை இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எந்தப் பெண்ணாவது நினைப்பாளா. நோட்டைக் காணோமே என்று கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா டீ பிளாஸ்க்கைக் கையில் கொடுத்து, அப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், கொடுத்துவிட்டு வா என்றாள். லீவு நாளில் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டேன். ஏதோ எழுத்து மூலம் புகார் வந்திருக்கிறதாம் என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று படியில் இரண்டு இல்லை. வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தாள் அக்கா கல்லை அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார். என் நோட்டு ஒரு செங்கல் மேல் விரித்து, காற்றில் புரளாமல் இருக்க மேலே ஒரு கல் வைத்து, பிளான் தாளை வைத்திருக்கிற மாதிரி மரியாதையாக வைக்கப்பட்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கூப்பிட்டு, உங்க டீச்சர் மாதிரி ஒரு டீச்சரைப் பார்த்ததே இல்லை என்றார். குறை மட்டும் சொல்லவில்லையாம், என்ன செய்ய வேண்டும் என்று அளவோடு எழுதியே கொடுத்திருக்கிறாராம். "இங்க பாரு, முதல்லயே 'படி காண்க'ன்னு போட்டிருக்காங்க. போய்ப் பாருய்யான்னு எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்காங்க." அப்புறம் கரண்டி நுனியால் கணக்கைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். 2x⁵ என்றால் இரண்டுக்கு ஐந்து, அதாவது இரண்டடி அகலம் ஐந்தடி நீளம். அதை இரண்டு இடத்தில் எழுதியிருப்பதால், அந்த அளவில் புதிதாக இரண்டு படி. நான் சாய்வாக இழுத்த கோடு இருக்கிறதே, அது டீச்சர் போட்ட டிக்காம். x³ என்பது ஏற்கெனவே இருக்கிற மூன்று. கடைசியில் இருக்கும் 4, நாலு மூட்டை சிமெண்ட். நடுவில் இருக்கிற − 7x மட்டும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அது டீச்சர் மனசுக்குள் போட்டுப் பார்த்த கணக்காக இருக்கும், நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன் அத்தை. சொல்லவே இல்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே, "அப்பா, அது இந்தப் படி இல்ல" என்றேன்.

"வேற எந்தப் படி? இந்தப் பள்ளிக்கூடத்துல நான் கட்டினது இது ஒண்ணுதானே."

"அது பல்லுறுப்புக் கோவையோட படி, அப்பா."

அப்பா கடப்பாரையைக் கீழே ஊன்றிவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுதான் அத்தை இந்தக் கதையிலேயே பெரிய வெட்கம். அந்த நிமிடத்தில் படி என்றால் இன்னது என்று ஒரு வரி சொல்லத் தெரிந்திருந்தால் மூன்றாவது படியாவது பிழைத்திருக்கும். நான் உறுப்பு, மாறி, கோவை என்று என்னென்னவோ உளறினேன். வாட்ச்மேன் அண்ணன், "பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்கல, நிழலுக்கு வரச் சொல்லுங்க" என்றார். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது படியையும் இடித்தார்.

அப்புறம் டீ குடிக்கும்போது, சித்தாள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து, என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். பிளானில் ஐந்து படிதான் இருந்ததாம். தரையிலிருந்து அறை வாசல் முப்பத்துமூன்று அங்குலம். ஐந்தாகப் போட்டால் சின்னப் பிள்ளைகள்கூடத் தாவாமல் ஏறலாம். பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது மணல் தீர்ந்துவிட்டது, புது லோடு வரவில்லை, அப்பா மூன்றிலேயே முடித்துவிட்டார், ஒவ்வொன்றும் பதினோரு அங்குலம். "யாரு எண்ணப் போறாங்கன்னு நெனச்சேன்மா. ஒரு சின்னப் பொண்ணு கையை ஊனி ஊனி ஏறினதை ஒருநாள் பாத்துட்டேன். அன்னையிலேர்ந்து அந்தப் பக்கமே நான் வர்றதில்ல." இதை அப்பா இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இதைக் கேட்ட பிறகு, அப்பா அது வெறும் வீட்டுப்பாடம் என்று நான் எந்த வாயால் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஐந்து படியும் எழும்பிவிட்டன. ஓரமெல்லாம் கத்தி மாதிரி நேர்க்கோடு. ஈரச் சாக்கு போர்த்தி, கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணி முடிந்து, புதன்கிழமை வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டு அப்பா பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி அம்மா அடுப்படியிலிருந்து "சும்மா உக்காந்திருக்காம போய்ப் படி" என்றாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையை இனி யாரும் என் காது கேட்கச் சொல்லக் கூடாது.

இன்று திங்கட்கிழமை. பெரிய டீச்சர் வந்து தன் அறைக்குப் போக முடியாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். அவருடைய கண்ணாடி உள்ளே, வருகைப் பதிவேடு உள்ளே, லேப், லைப்ரரி சாவிக்கொத்து உள்ளே. மணி அடிக்கிற சுத்தியலும் உள்ளே. சுத்தியல் இல்லாததால் மணி அடிக்கவில்லை, மணி அடிக்காததால் முதல் பாடவேளை முடியவே இல்லை. எங்களுக்கு முதல் பாடவேளை கணக்கு. இரண்டே முக்கால் மணி நேரம் அத்தை. நாற்பத்தொரு பேரும் என்ன பாவம் செய்தார்களோ தெரியாது, நான் செய்த பாவம் எனக்குத் தெரியும். அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை, ஜன்னல் வழியாக அந்தச் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வாட்ச்மேன் அண்ணனைப் பெரிய டீச்சர் விசாரித்தது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. என் ரூமுக்கு நான் போகக் கூடாதா, இதை யார் இடிக்கச் சொன்னது என்று கேட்டார். எழுத்துல இருக்குதுங்கம்மா, நானே பாத்தேன் என்றார் அவர்.

"யாரு எழுத்து?"

"கணக்கு டீச்சர் எழுத்துங்க. சிவப்பு மையில."

உடனே கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் சாக்பீஸ் கையோடு வெளியே போய், நான் எதற்குப் படியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றார். வெள்ளிக்கிழமைதான் நாற்பத்திரண்டு நோட்டில் படியையே திருத்திக் கொடுத்தவர். அவருக்கு அந்த ஞாபகமே வரவில்லை, வரவும் வராது, ஏனென்றால் அவருக்கு அது வேறு படி. நம்பாமல் கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று கயிற்றைத் தாண்டி, படிகளின் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த பலகை மேல் கால் வைத்தார், பலகை நழுவியது, ஒரு செருப்பு நான்காவது படியில் பதிந்து நின்றுவிட்டது. அதை எடுத்த இடத்தில் பள்ளம். பெரிய டீச்சர் போன மாதம் பழைய படியில் ஏறும்போது தடுக்கி விழப் பார்த்தார், அப்போது பக்கத்திலிருந்த டீச்சர்கள் சிரித்துவிட்டார்களாம், அது அவர் மனசில் இருந்திருக்கிறது. "என்னால ஏற முடியலைன்னு உங்ககிட்ட வந்து நான் அழுதேனா?" என்று கணக்கு டீச்சரைக் கேட்டார். டீச்சர் முகம் சுண்டிப் போய்விட்டது. நாளை பத்து மணிக்குக் கொத்தனார் அந்த எழுத்தைக் கொண்டுவரட்டும், அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, பெரிய டீச்சர் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி முதல் பாடவேளையை முடித்துவைத்தார்.

அப்பாவுக்கு ஆள் வந்து சொன்னதும் அப்பா பயப்படவே இல்லை. சுற்றுச்சுவர் வேலையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறார். நாளைக்கு எல்லார் முன்னாலும் கணக்கு டீச்சருக்குக் கும்பிடு போட்டு நன்றி சொல்லப்போகிறாராம். "முகத்துக்கு நேரா தப்புன்னு எழுதிக் கொடுக்க ஒரு மனசு வேணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையை எடுத்து வெளியே மாட்டியாயிற்று. நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். பெரிய டீச்சர் பெரிய டீச்சர் ஆவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கணக்கு நடத்தியவர். அந்தப் பக்கத்தைப் பார்த்த அடுத்த நொடி இது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடத்தை வைத்தா என் வாசலை இடித்தாய் என்று கேட்பார். அப்பா, பிளானில் ஐந்துதான் என்று அவர் வாயாலேயே சொல்லிவிடுவார், அவருக்குப் பொய் வராது.

சாவியை எடுக்கப் பார்த்தேன். தலையணைக்கு அடியில் கை போனதும் அப்பா தூக்கத்தில், "மிதிக்காத, ஈரம்" என்றார். வந்துவிட்டேன். காய்ச்சல் வந்த மாதிரி படுத்துவிடலாமா என்று பார்த்தேன், நான் படுத்தால் நோட்டு படுக்காது. கடைசியாகத்தான் உங்கள் ஞாபகம் வந்தது. அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது இரண்டுக்கு, ஒன்று கான்கிரீட் போட்ட அன்று வருகிற மழை, இன்னொன்று நீங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு போன் செய்து, தம்பி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகாதே, அது உன் மகளின் வீட்டுப்பாடம், அவள் உன்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவர் உங்களை எதிர்த்து ஒன்றும் கேட்கமாட்டார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எல்லார் முன்னாலும் தெரிவதைவிட போனில் தெரிவது மேல்.

உங்களுக்காவது சரியாக விளக்க வேண்டும் என்று இப்போதுதான் கணக்குப் புத்தகத்தை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். படி என்றால் உறுப்புகளை எண்ணுவது இல்லையாம். எழுத்தின் தலைக்கு மேல் சின்னதாக ஓர் எண் உட்கார்ந்திருக்கும், அதற்கு அடுக்கு என்று பெயர், ஒரு கோவையில் இருக்கிற அடுக்குகளில் எது பெரியதோ அதுதான் அந்தக் கோவையின் படி. நம் கணக்கில் 5 இருக்கிறது, 3 இருக்கிறது, பெரியது 5. டீச்சர் எழுதியது சரி. நான் எழுதியது தப்பு, எழுதிய விதமும் தப்பு, மடித்துக் காட்டியது எல்லாவற்றையும்விடத் தப்பு. அப்பா போட்டதும் மூன்று, நான் போட்டதும் மூன்று, இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். அப்பாவாவது இடித்துக் கட்டிவிட்டார்.

விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டும் என்றும், மாமாவுக்கு நல்ல தூக்கம் வர வேண்டும் என்றும், குறிப்பாக நாளைக் காலை எட்டு வரைக்கும் வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு, தாங்கள் கொடுத்த இரண்டு ஊசியையும் நாளை திருப்பித் தருவேன் என்ற உறுதியோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு (இந்த இடத்தில் வேறு வார்த்தை போடத் தெரியவில்லை, மன்னிக்கவும்),
நீங்கள் வாயில்லாப்பூச்சி என்று கூப்பிடும்
தம்பி மகள்

பின்குறிப்பு: மணி பன்னிரண்டு ஐம்பது. அத்தை, போன் செய்ய வேண்டாம். தயவு செய்து செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனேன், நான் பார்த்த வரிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முதலில் ஒத்த உறுப்புகளைச் சேர்த்துச் சுருக்க வேண்டும், அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் பெரிய அடுக்கைப் பார்க்க வேண்டுமாம். நம் கணக்கில் இரண்டு 2x⁵ இருக்கிறதல்லவா, ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், சுருக்கினால் இரண்டும் போய்விடும். மிஞ்சுவது x³ − 7x + 4. பெரிய அடுக்கு 3. படி மூன்று. நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், நான்கு தடவையும் மூன்று. நான் எண்ணி எழுதியது முட்டாள்தனம்தான், ஆனால் விடை சரி. டீச்சர் அவசரத்தில் சுருக்காமல் பார்த்திருக்கிறார். நாற்பத்தொரு டிக்கும் தப்பு. என் மூன்று சரி, அப்பாவின் மூன்றுதான் தப்பு.

ஆகவே இப்போது அப்பாவிடம் ஒன்றும் சொல்லக் கூடாது. டீச்சர் எழுதியது தப்பு, சரியான படி மூன்றுதான் என்று அரைகுறையாகக் காதில் விழுந்தால் போதும், அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் என்ன செய்யப்போகிறேன் என்றால், எட்டரை மணிக்கே பள்ளிக்கூடம் போய் டீச்சரைத் தனியாகப் பார்த்து, டீச்சர் எங்க அப்பா வச்சிருக்கிறது என் நோட்டு, அதில் நீங்கள் திருத்திய கணக்கைப் பெரிய டீச்சர் பத்து மணிக்குப் பார்ப்பார், அதற்கு முன்னால் ஒரு தடவை நீங்கள் சுருக்கிப் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்றுதான் யோசனையாக இருக்கிறது. ஆனால் டீச்சருக்குக் கணக்கு வரும், சீக்கிரம் புரிந்துகொள்வார். ஆமாம், சின்னப் பிள்ளைகள் ஏறக் கஷ்டப்படுகிறார்கள் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று டீச்சர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், நோட்டைத் திறக்க யாருக்கும் தேவை இருக்காது. அப்பா கும்பிடு போடுவார், டீச்சர் வாங்கிக்கொள்வார், பெரிய டீச்சர் புதன்கிழமை ஐந்து படியில் தடுக்காமல் ஏறிப் போவார்.

அப்படி நடந்தால் என் நோட்டில் மூன்றின் மேல் இருக்கிற சிவப்புக் குறி அப்படியேதான் இருக்கும், அதை யாரும் திருத்தப்போவதில்லை. பரவாயில்லை. கடிதத்தை உங்களிடம் கொடுக்காமலே கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் என் விடை சரி என்று ஓர் ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்போல இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, நான் இங்கே கீழே எழுதியிருக்கிற மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுத் திருப்பி அனுப்பவும். பச்சை மை இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் பென்சிலாலும் போடலாம், சிவப்பு மட்டும் வேண்டாம்.

படி = 3